எஞ்சின் மாற்றிய ஊர்திகளில் குளிர்சாதனக் கம்பிரசர் நின்றுபோதல்

பளுவின்போது கம்பிரசர் துண்டிப்பு என்பது, ஊர்தி மேடு ஏறும்போதோ ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து முந்தும்போதோ ஏசி கம்பிரசர் தற்காலிகமாக நின்றுவிடுவதைக் குறிக்கும். பல ஊர்திகளில் இது எஞ்சினைக் காக்கும் ஏற்பாடே ஆகும். எஞ்சின் மாற்றப்பட்ட ஊர்தியில் இது தேவையின்றி நிகழ்ந்தாலும், தேவையான நேரத்தில் நிகழாமல் போனாலும் சிக்கல் உண்டாகும்.

சேலம், நாமக்கல் பகுதியில்

நாமக்கல் லாரி பாடி கட்டும் தொழிலுக்கும், திருச்செங்கோடு ரிக் வண்டிகளுக்கும், சங்ககிரி லாரித் தொழிலுக்கும் பெயர் பெற்றவை. இச்சமவெளியில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. சமவெளியைக் கடந்தால் ஏற்றம் தொடங்கிவிடும். சேலத்திலிருந்து தருமபுரி செல்லும் வண்டிகள் தொப்பூர் கணவாயில் ஏறவேண்டும். ஏற்காடு மலைப்பாதையில் 20, கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆகவே கடும் வெப்பமும் கடும் பளுவும் ஒரே பயணத்தில் சேர்ந்து வருகின்றன. 3.5 டன்னுக்கு மேற்பட்ட புதிய சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறைக்கு 2025 முதல் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டது. பழைய வண்டிகளில் அது பின்னர் பொருத்தப்படுவதே வழக்கம்.

செயற்படும் முறை

கம்பிரசரை எஞ்சின் ஒரு பெல்ட் மூலம் சுழற்றுகிறது. கம்பிரசரின் முன்புறமுள்ள காந்தக் கிளட்சுக்கு மின்சாரம் கிடைத்தால் கம்பிரசர் ஓடும். மின்சாரம் நின்றால் புல்லி மட்டும் வெறுமனே சுழலும். கணினிக் கட்டுப்பாடுள்ள எஞ்சினில், ஏசி பொத்தானை அழுத்தியதும் கணினிக்குக் கோரிக்கை செல்லும். கணினி இசைந்தால்தான் ரிலே வழியாகக் கிளட்சுக்கு மின்சாரம் போகும். ஆக்சிலரேட்டர் முழுவதும் மிதிக்கப்பட்டாலும், எஞ்சின் நீரின் வெப்பம் எல்லை மீறினாலும் கணினி இணைப்பைத் துண்டிக்கும். குளிர்பதன வாயுவின் அழுத்தம் மிகக் கூடினாலோ குறைந்தாலோ அழுத்த சுவிட்சு துண்டிக்கும்.

எஞ்சின் மாற்றியபின் நேர்வது

பழைய வகை டீசல் எஞ்சினில் கணினி இராது. அவ்விடத்தில் கணினி எஞ்சினை வைக்கும்போது, ஏசி கோரிக்கைக் கம்பியை இணைக்காமல் கிளட்சுக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்துவிடுவது உண்டு. அப்போது கம்பிரசர் ஓடுவது கணினிக்குத் தெரியாது. ஐடிலிங் வேகம் கூடாது, ஏற்றத்திலும் துண்டிப்பு நிகழாது. மாறாக, ஆக்சிலரேட்டர் சென்சாரோ வெப்ப சென்சாரோ புதிய கணினிக்குப் பொருந்தாவிட்டால், பாதி மிதியிலேயே ஏசி நின்றுவிடும். பழைய ரேடியேட்டரும் விசிறியும் கூடுதல் திறனுள்ள எஞ்சினுக்குப் போதாமல் போவதும் உண்டு. கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால், மெதுவாக ஏறும் வண்டியில் காற்றோட்டம் குறைந்து இரண்டுமே சூடேறும்.

காரணத்தை அறிதல்

எந்த நேரத்தில் நிற்கிறது என்பதே முதல் தடயம். ஆழ மிதித்தவுடன் நின்று, காலைத் தளர்த்தியதும் மீண்டும் ஓடினால் அது ஆக்சிலரேட்டர் துண்டிப்பு. சில நிமிடம் ஏறியபின் வெப்ப முள்ளும் உயர்ந்து நின்றால் குறை குளிர்விப்பு அமைப்பில் உள்ளது. நெரிசலில் நிற்கும்போதும் ஏசி நின்றுவிட்டால் கண்டன்சர் விசிறியையும் வாயு அழுத்தத்தையும் அளந்து பார்க்கவேண்டும். கீச்சொலி கேட்டால் பெல்ட் வழுக்குகிறது. கிளட்சுத் தட்டின் இடைவெளி சாதாரணமாக அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். தேய்ந்து அது அகன்றால், சூடான நிலையில் காந்தம் தட்டைப் பிடிக்காது.

குறுக்கிணைப்பின் ஆபத்து

ஏசி நிற்காமலிருக்க ரிலேயையோ அழுத்த சுவிட்சையோ தாண்டிக் கம்பி இணைப்பது காரணத்தைத் தீர்க்காது. அளவு கடந்த அழுத்தத்தில் குழாய் வெடிக்கலாம். சூடேறிய எஞ்சினில் ஹெட் கேஸ்கட் போகலாம். வளைவில் வண்டி இழுவையின்றி நின்றால் பின்னால் வருவோருக்கும் ஆபத்து. ஓட்டுநருக்குக் குளிர்ந்த அறை தேவையே. அதற்குரிய வழி, புதிய எஞ்சினுக்கேற்ற ரேடியேட்டர், விசிறி, கம்பி இணைப்பு ஆகியவற்றை எஞ்சின் மாற்றும்போதே சேர்த்துச் செய்வதாகும். எஞ்சின் மாற்றம் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவுக்கு உட்பட்டது. அது பதிவுச் சான்றிலும் பதியப்படவேண்டும்.