"ஹோல்டான்" தாமதமானால்?

போளூர் பஸ் நிலையத்தில் பஸ் பின்னால் வருகிறது. "ஹோல்டான்!" என்கிறார் கண்டக்டர். அது மூன்று விநாடி தாமதமாகக் கேட்டால்? பஸ் சுவரில் மோதும்! பதறி முன்னால் எடுத்தால், அங்கேயும் அதே தாமதம், அங்கேயும் முட்டல்தான்.

சந்திரனில் இறங்குவதிலும் இதே சங்கடம். தூரம் சுமார் 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோ மீட்டர். ரேடியோ செய்தி போய்த் திரும்ப இரண்டரை விநாடி ஆகும். கலமோ, இறங்கத் தொடங்கும்போது விநாடிக்கு ஒன்றரை கிலோ மீட்டருக்கு மேல் பாய்கிறது!

ஆகவே 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 கலத்தைப் பூமியிலிருந்து யாரும் ஓட்டவில்லை. அதிலிருந்த கம்ப்யூட்டரே உயரத்தையும் வேகத்தையும் அளந்து, என்ஜினைக் கூட்டிக் குறைத்தது. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். அவரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

மாலை 6 மணி 4 நிமிடத்துக்குக் கலம் கால் ஊன்றியது.