‘ராஜா & சன்ஸ்’ வந்தா ஃபைல் ஏன் உடையுது?

இன்னைக்கு எபிசோடோட வில்லன் ஒரே ஒரு குறி: &.

ஒரு மொத்த வியாபாரக் கடைன்னு வைங்க. வெப்சைட்ல ஆர்டர் ஃபார்ம். கடைப் பேரு, தொகை, குறிப்பு போட்டு சப்மிட் பண்ணா, சர்வர் அதை எக்ஸ்எம்எல் ஃபைலா மாத்துது. அக்கவுன்டன்ட் அதை டேலில இம்போர்ட் பண்றார்.

சர்வர்ல நிறைய பேர் எழுதுற கோட் இதுதான்: திறக்கிற டேக், நடுவுல ஃபார்ம்ல வந்த பேரு, மூடுற டேக். மூணையும் ஸ்ட்ரிங்கா ஒட்டிடுறது. ‘முருகன் ஸ்டோர்ஸ்’ வந்தா ஓடும். ‘ராஜா & சன்ஸ்’ வந்தா உடையும். ஏன்னா எக்ஸ்எம்எல்ல & சாதாரண எழுத்து இல்ல, ஒரு சிறப்புக் குறியீட்டோட தொடக்கம். ஹெச்டிஎம்எல்ல தப்பு இருந்தா பிரவுசர் சமாளிச்சுக்கும். 1998ல வந்த எக்ஸ்எம்எல் 1.0 விதிப்படி, பார்சர் அங்கேயே நின்னாகணும். ஃபைல்ல 200 ஆர்டர் இருந்தா, ஒரு பேரால 200ம் போச்சு.

ஃபைல் உடையாம போனா இன்னும் மோசம். குறிப்பு கட்டத்துல ஒருத்தர் இப்படி டைப் பண்றார்:

</குறிப்பு><தொகை>1</தொகை><குறிப்பு>

ஃபைல் பார்க்க ஒழுங்கா இருக்கும். ஆனா உள்ள இப்போ ரெண்டு தொகை. படிக்கிற ப்ரோகிராம் எதை எடுக்கும்? அது உங்க கையில இல்ல. இதுக்குப் பேரு எக்ஸ்எம்எல் இன்ஜெக்ஷன்.

தீர்வு சிம்பிள்: டேக்கை நீங்க ஒட்டாதீங்க, லைப்ரரிகிட்ட விடுங்க. பைத்தான்ல எலிமென்ட்ட்ரீ, பிஹெச்பில எக்ஸ்எம்எல்ரைட்டர். மதிப்பை டெக்ஸ்ட்டா கொடுத்தா, & குறியையும் < குறியையும் அதுவே எஸ்கேப் பண்ணிடும்.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, டேட்டாபேஸ்ல சேமிக்கும்போதே எஸ்கேப் பண்ணாதீங்க. எழுதும்போது லைப்ரரி மறுபடி பண்ணும், பில்லுல & குறி பக்கத்துல குப்பை எழுத்து வந்து நிக்கும். ரெண்டு, வேற இடத்துல இருந்து காபி பண்ணி ஒட்டுற டெக்ஸ்ட்ல கண்ணுக்குத் தெரியாத கன்ட்ரோல் எழுத்துகள் வரலாம். முதல் 32ல டேபும் ரெண்டு வரி முறிப்பு எழுத்துகளும் தவிர மத்த எதுவும் எக்ஸ்எம்எல் 1.0ல செல்லாது. எஸ்கேப் பண்ணாலும் செல்லாது. எலிமென்ட்ட்ரீ இதைத் தடுக்காம எழுதிடும். அதனால ஃபார்ம் வந்ததுமே சோதிங்க. எழுதின ஃபைலையும் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்ஸ் பண்ணிப் பாருங்க.

சில ஃபார்ம்ல பார்த்திருப்பீங்க, ‘& பயன்படுத்தாதீர்கள்’னு சிவப்புல வரும். அது தீர்வு இல்ல மக்களே. கடைக்காரர் போர்டுல எழுதியிருக்கிற பேரு அது. மாற வேண்டியது நம்ம கோட்.