மாற்றிக்கொள்ளக்கூடிய முடி

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் சுருள்முடியை அப்படியே விடுவதா, ரிலாக்சர் என்ற மருந்து போட்டு நேராக்குவதா என்ற வழக்கு அங்கே தலைமுறைகளாக ஓய்ந்தபாடில்லை. அவரவர் முடி அவரவர் இஷ்டம் என்று ஒரு தரப்பு பேச்சை முடித்துவிடும். நேராக்குவது வெள்ளையரைப் பார்த்து வந்த தாழ்வு மனப்பான்மை என்று மறுதரப்பு ஏசும். இரண்டுமே அந்தப் பெண்ணின் மனத்தைத்தான் துருவுகின்றன. அவளுக்குச் சம்பளம் கொடுப்பவரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்க வேண்டிய இடம் அதுதான் என்பது நீதிமன்றத் தீர்ப்புகளைப் படித்தால் புரியும்.

தலையோடு ஒட்டிய சிறு பின்னல்களுக்குத் தடை விதித்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மீது, அதன் ஊழியர் ரெனீ ராஜர்ஸ் வழக்குப் போட்டார். 1981-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. பின்னல் எளிதில் மாற்றிக்கொள்ளக்கூடியது, அதைத் தடுப்பது இனப் பாகுபாடு ஆகாது என்பது அதன் நியாயம். 2016-இல், சடைமுடியை வெட்ட மறுத்ததால் கிடைத்த வேலைவாய்ப்பை இழந்த அலபாமா பெண்ணின் வழக்கிலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறத்தாழ இதையே சொன்னது. இயல்பாக வளரும் சுருள்முடியான ஆஃப்ரோவைத் தடுத்தால் சட்டம் குறுக்கிடலாம் என்று 1981 தீர்ப்பே ஒப்புக்கொண்டதல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் இறுகச் சுருண்ட முடியில் தலைத்தோலின் எண்ணெய்ப் பசை நுனிவரை இறங்குவதில்லை. அது வறளும், சிக்காகும், சீப்புப் பட்டால் ஒடியும். பின்னிவைப்பதுதான் அதைக் காப்பாற்றும் வழி, அழகெல்லாம் பிறகு. முடி இருக்கலாம், பராமரிப்பு கூடாது என்பது என்ன சலுகை?

சரி, மாற்றுவது அத்தனை எளிதா? பழைய வகை ரிலாக்சரில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது அடைத்த குழாயைத் திறக்கும் காஸ்டிக் சோடா. முடிப் புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை அது உடைத்துவிடும். தோலில் தங்கினால் புண்ணாகும். அதனால்தான் முதலில் தலைத்தோலில் வாஸ்லின் தடவுகிறார்கள். நேரான இழை மறுபடி சுருளாது. வேரிலிருந்து புதிதாக வருவதோ சுருண்டே வரும் என்பதால் சில வாரங்களுக்கொரு முறை மருந்து போட வேண்டும். வேண்டாமென்று விட்டால் இரண்டும் சேரும் இடத்தில் ஒடியும். பலர் ஒட்ட வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறார்கள். 33,497 பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் கவனித்து 2022-இல் வெளியான அமெரிக்க அரசு ஆய்வில், முடி நேராக்கும் பொருள்களைத் தொடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிரூபிக்கவில்லை. யாரையும் பயமுறுத்த இந்த எண் போதாது. ஆனால் ‘எளிதில்’ என்று எழுதிய நீதிபதிக்குப் பதில் சொல்ல இது போதும்.

விரும்பியே நேராக்கும் பெண்கள் ஏராளம், அதை மறுப்பது திமிர். இயல்பு முடி செலவில்லாதது என்பதும் கட்டுக்கதை. கழுவி, சிக்கெடுத்துப் பின்னி முடிக்க ஒரு விடுமுறை நாளே போய்விடும். தன்வெறுப்பு என்ற குற்றச்சாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. இளமையில் உருளைக்கிழங்கும் முட்டையும் காஸ்டிக் சோடாவும் கலந்த களிம்பால் முடியை நேராக்கிக்கொண்ட மால்கம் எக்ஸ், பின்னாளில் அதைத் தன்னையே இழிவுபடுத்திக்கொண்டதாகச் சாடினார். அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் அவரவர் வெறுப்பு மட்டுமே காரணமென்றால், முடிக்காக வேலை போகக்கூடாது என்று தனிச் சட்டம் எதற்கு? 2019-இல் கலிஃபோர்னியா அப்படியொரு சட்டத்தை, ‘கிரவுன்’ சட்டத்தை, முதன்முதலாக இயற்றியது. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நாடு முழுவதற்குமான மசோதா 2022-இல் கீழவையில் நிறைவேறி, மேலவையில் நின்றுபோனது. சட்டம் வந்த இடத்திலும் சந்து இருக்கிறது: டெக்சாஸில் ஒரு கறுப்பின மாணவனைச் சடைமுடியின் நீளத்துக்காக வகுப்பிலிருந்து விலக்கிவைத்த பள்ளி நிர்வாகம் சட்டத்தை மீறவில்லை என்று 2024 பிப்ரவரியில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். சட்டம் முடியின் வகையைக் காக்கிறதாம், நீளத்தை அல்ல.