லாரி வேலைநிறுத்தம்: கேட்க வேண்டியது எது?

டீசல் விலை ஏறும்போதெல்லாம் நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் உள்ள லாரிப் பேட்டைகளில் ஒரே விவாதம் எழுகிறது. வண்டிகளை நிறுத்திவிடுவதா, அல்லது நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவதா என்பதே அது. 2017-ம் வருஷம் மார்ச் 30-ந் தேதி தென்னாட்டு லாரிகள் நின்றபோதும் இவ்விவாதம் நடந்தது. 2018-ம் வருஷம் ஜூலை மாதத்தில் தேசமெங்கும் லாரிகள் நின்றபோதும் நடந்தது. நிறுத்த வேண்டும் என்போரும் கூடாது என்போரும் ஒரே தொழிலில் ஒரே கஷ்டத்தை அனுபவிப்பவர்கள். ஆகையால் இரு திறத்தாரின் நியாயங்களையும் பொறுமையுடன் ஆராய்வது நமது கடமையாகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாமக்கல்லிலிருந்து டில்லிக்கு ஏறக்குறைய 2,400 கிலோ மீட்டர் தூரம். பாரம் ஏற்றிய லாரி லிட்டருக்கு 4 கிலோ மீட்டர் ஓடுமென்று வைத்துக்கொண்டால், போக 600 லிட்டரும் வர 600 லிட்டரும் ஆக 1,200 லிட்டர் டீசல் வேண்டும். லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினால் ஒரு நடைக்கு 1,200 ரூபாய் கூடுதல். 5 ரூபாய் ஏறினால் 6,000 ரூபாய். முன்பெல்லாம் மாதத்தில் இருமுறைதான் விலை மாறும். 2017-ம் வருஷம் ஜூன் 16-ந் தேதி முதல் தினந்தோறும் மாறலாயிற்று. வாடகை பேசிய நாளில் ஒரு விலை, வண்டி டில்லி சேர்ந்த நாளில் வேறொரு விலை. பேசிய வாடகையோ மாறுவதில்லை.

பெரிய கம்பெனிகளுக்கு வருஷ ஒப்பந்தத்தில் வண்டி ஓட்டுவோர், டீசல் ஏறினால் வாடகையும் ஏறும் என்று ஒரு ஷரத்து எழுதிக்கொள்ள முடியும். ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவனுக்கு அது எங்ஙனம் கைகூடும்? அவன் புக்கிங் ஆபீஸில் தரகர் சொல்லும் தொகைக்குத் தலையசைக்க வேண்டியவன். டில்லியில் ரிட்டர்ன் லோடுக்காக மூன்று நாள் காத்திருந்தால், டிரைவர் பேட்டாவும் கிளீனர் சாப்பாட்டுச் செலவும் அவன் கையைக் கடிக்கும். காலியாகத் திரும்புவதைவிட அரை வாடகையாவது கிடைக்கட்டும் என்று ஏற்றிக்கொள்வான். அவன் மறுத்தால் அடுத்த வண்டிக்காரன் ஏற்றிக்கொள்வான் என்பது தரகருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நமது தேசத்தில் ஓடும் லாரிகளில் பெரும்பாலானவை இத்தகைய சிறு சொந்தக்காரர்களுடையவையே.

வேலைநிறுத்தம் வேண்டாம் என்போர் சொல்வது இதுதான்: ஆலைத் தொழிலாளி வேலையை நிறுத்தினால் அவனுக்குக் கூலி போகும், முதலாளிக்கு லாபம் போகும், நஷ்டம் இருவருக்கும் உண்டு. லாரிக்காரனுடைய வேலைநிறுத்தத்திலோ கூலியும் அவனுடையது, முதலும் அவனுடையது. வண்டி நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை. வரியும் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் வண்டி ஓடிய நாட்களைக் கணக்கிட்டு வசூலிக்கப்படுவதல்ல. மண்டி வியாபாரிக்கோ சரக்கு கிடங்கில் பத்திரமாயிருக்கிறது. நாலு நாள் லாரி வராவிட்டால் அவன் விலையை ஏற்றி விற்பான். இவ்வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது.

நிறுத்தியே ஆக வேண்டும் என்போர் வாதமும் வலியதே. ஓடி ஓடிக் கடனாளியாவதைவிட ஒரு முறை நின்று கேட்பது மேல் என்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் சட்ட சம்பந்தமான ஒரு விஷயமும் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. லாரிக்காரர்கள் தங்களுக்குள் கூடி, இனி இன்ன வாடகைக்குக் குறைந்து ஏற்றுவதில்லை என்று தீர்மானிக்கலாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2002-ம் வருஷத்துப் போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவு அதற்குக் குறுக்கே நிற்கிறது. 2012-ம் வருஷம் டீசல் விலை 5 ரூபாய் உயர்ந்தவுடன் வாடகையைக் கூட்டும்படி நடந்த ஏற்பாடு, இச்சட்டத்துக்கு விரோதமானது என்று போட்டிக் கமிஷன் 2015-ல் தீர்ப்பளித்தது. எண்ணெய்க் கம்பெனிகள் ஒரே நாளில் ஏறக்குறைய ஒரே விலையை அறிவிக்கலாம். லாரிக்காரர்கள் ஒரே வாடகையை அறிவிக்கலாகாது! ஆகவே வாடகையைப் பற்றிச் சர்க்காரிடம் முறையிடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

முறையிட்டார்கள், என்ன கிடைத்தது? 2018 ஜூன் 18-ந் தேதி ஒரு சம்மேளனத்தார் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மற்றொரு பெரிய ஸ்தாபனம் அதில் சேரவில்லை. சில நாட்களில் அது முடிந்தது. அந்தப் பெரிய ஸ்தாபனம் ஜூலை 20-ந் தேதி தன் வேலைநிறுத்தத்தைத் தொடங்கிற்று. எட்டு நாட்களுக்குப்பின், மத்திய மந்திரி எழுத்து மூலம் அளித்த உறுதியை ஏற்று அதுவும் நின்றது. இரு சேனைகள் ஒரே சத்துருவை நோக்கி இருவேறு மாதங்களில் புறப்பட்ட கதை இது. டீசலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவர்களுடைய பிரதான கோரிக்கைகளுள் ஒன்று. அரசியல் சட்டத்தின் 279-ஏ பிரிவு, டீசலுக்கு ஜி.எஸ்.டி. எந்தத் தேதி முதல் என்பதை ஜி.எஸ்.டி. கவுன்சில் சிபாரிசு செய்யும் என்று சொல்கிறதேயன்றி, அத்தேதிக்கு எவ்விதக் கெடுவும் விதிக்கவில்லை. அந்த வேலைநிறுத்தத்தால் அத்தேதி வந்துவிடவுமில்லை.

இடையில் சர்க்கார் ஒரு சலுகையும் செய்தது. வேலைநிறுத்தம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், லாரிகள் ஏற்றக்கூடிய பாரத்தின் வரம்பை 20 முதல் 25 சதவிகிதம் வரை உயர்த்தி உத்தரவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்து லாரிச் சரக்கை நான்கு லாரி ஏற்றிச் சென்றால் ஐந்தாவது லாரிக்காரன் என்ன செய்வான்? டன்னுக்கு வாடகையை இன்னும் குறைத்துத்தான் லோடு பிடிப்பான்.

இனி வரி விஷயத்துக்கு வருவோம். லாரிக்காரர்கள் எப்போதும் முதலில் கேட்பது டீசல் வரிக் குறைப்பையே. 2014-ம் வருஷத் தொடக்கத்தில் லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசாக இருந்த மத்திய எக்ஸைஸ் வரி, 2016 ஜனவரியில் 17 ரூபாய் 33 காசாயிற்று. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பாதிக்கும் கீழே இறங்கிய காலம் அது. இறங்கிய லாபத்தைக் கஜானா எடுத்துக்கொண்டது. 1930-ல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள், ஏழையின் கஞ்சியில் விழும் உப்புக்கு வரியா என்று கேட்டார்கள். அந்த உப்பையும் இன்று சந்தைக்குக் கொண்டுவருவது லாரிதான். அன்று வாங்கியவன் அந்நியன், இன்று வாங்குவது நம் சர்க்கார் என்ற வித்தியாசம் பெரிது. ஆனாலும் கொடுப்பவனுடைய சட்டைப்பை அதேதான்.

கிடைத்த குறைப்பும் நிலைக்கவில்லை. 2018 அக்டோபரில் எக்ஸைஸ் வரியில் ஒன்றரை ரூபாய் குறைத்தார்கள். 2019 ஜூலை பட்ஜெட்டில் இரண்டு ரூபாய் ஏற்றினார்கள். 2020 மே மாதத்தில் ஊரடங்கு காலத்தில் வரி 31 ரூபாய் 83 காசாயிற்று. 2021 அக்டோபரில் சென்னையில் டீசல் விலை லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டிற்று. அதன்பின் இருமுறை குறைத்து 2022 மே மாதத்தில் 15 ரூபாய் 80 காசுக்குக் கொண்டுவந்தார்கள். எட்டு நாள் பட்டினி கிடந்து பெறும் சலுகையை ஒரு மாலை நேரத்து நோட்டிபிகேஷன் எடுத்துக்கொண்டுவிடும் என்றால், அதற்காகப் பட்டினி கிடப்பது விவேகமாகுமா?

இவ்விடத்தில் பிரேஸில் தேசத்து லாரிக்காரர்களைப் பற்றிச் சொல்வது பொருந்தும். நம்மவர் நிறுத்துவதற்கு இரண்டு மாதம் முன்பு, அதே 2018-ம் வருஷம் மே 21-ந் தேதி அவர்கள் சாலைகளில் வண்டிகளை நிறுத்தினார்கள். அங்கும் பெட்ரோபிராஸ் என்ற எண்ணெய்க் கம்பெனி 2017 ஜூலை முதல் அடிக்கடி, சில வேளை தினந்தோறுமே, விலையை மாற்றி வந்தது. செல்போன் செய்திகள் மூலமாகவே ஊருக்கு ஊர் ஆட்கள் திரண்டார்கள். விமான நிலையங்களில் எண்ணெய் தீர்ந்தது. தீவனம் போய்ச் சேராமல் கோழிப் பண்ணைகளில் கோடிக்கணக்கான கோழிகள் மாண்டன. (நாமக்கல்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) பட்டாளத்தை அழைத்த சர்க்கார் கடைசியில் இரண்டு காரியம் செய்தது. டீசல் விலையை லிட்டருக்கு 46 செண்டாவோ குறைத்து, 60 நாளைக்கு அப்படியே நிறுத்தி வைத்தது ஒன்று. சரக்கு வாடகைக்குக் குறைந்தபட்ச அட்டவணை ஏற்படுத்தி, டீசல் விலை குறிப்பிட்ட அளவு மாறினால் அட்டவணையும் திருத்தப்பட வேண்டும் என்று விதித்தது மற்றொன்று. முதலாவது உதவி அவ்வருஷக் கடைசியோடு முடிந்துபோயிற்று. இரண்டாவதோ ஆகஸ்டு மாதத்தில் சட்டமாயிற்று. சரக்கு அனுப்புவோர் அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றார்கள்; அட்டவணைக்குக் குறைந்து ஏற்றுவோரும் அங்கு இல்லாமலில்லை. எனினும் தரகரிடம் பேசப்போகும் ஏழை லாரிக்காரன் கையில் ஒரு காகிதம் இருக்கிறது.

நமக்குப் புதுச் சட்டமே தேவையில்லை என்பது எம் அபிப்பிராயம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-வது பிரிவைப் புரட்டிப் பாருங்கள். சரக்கு வண்டிகளின் வாடகையை, அதன் அதிகபட்சம் குறைந்தபட்சம் உட்பட, நிர்ணயிப்பது சம்பந்தமாகப் போக்குவரத்து அதிகாரிகளுக்கு உத்தரவிட மாகாண சர்க்காருக்கு அதில் அதிகாரம் உண்டு. 1939-ம் வருஷத்துப் பழைய சட்டத்திலேயே 43-வது பிரிவில் இத்தகைய அதிகாரம் இருந்தது. பஸ் கட்டணத்தை இதே அதிகாரத்தைக் கொண்டுதான் நிர்ணயிக்கிறார்கள். பிரயாணிக்கு அளவுகோல் உண்டு, மூட்டைக்கு இல்லை என்பது விசித்திரமான ஏற்பாடு.

இதற்கு ஆட்சேபணைகள் உண்டு. வாடகை ஏறினால் அரிசி, பருப்பு விலை ஏறுமே என்பார்கள். டீசல் ஏறும்போது அந்தச் செலவை யாரோ ஒருவர் சுமக்கத்தான் வேண்டும். இப்போது அதைச் சுமப்பவன் தேய்ந்த டயரோடு தூக்கமில்லாமல் ஓட்டுகிறவன். ஒரு மாகாணம் மட்டும் வாடகை நிர்ணயித்தால் அயல் மாகாணத்து வண்டிகள் வந்து லோடைத் தூக்கிச் செல்லும் என்ற ஆட்சேபணையே உண்மையில் கனமானது. தென்னாட்டு மாகாணங்கள் கூடிப் பேசினாலன்றி இதற்குப் பரிகாரமில்லை. 2017-ல் தென்னாட்டு லாரிக்காரர்கள் சேர்ந்து நிற்க முடிந்தது. அவர்களுடைய மந்திரிகள் சேர்ந்து உட்கார முடியாதா?

கடைசியாக ஒன்று. வேலைநிறுத்தக் கூட்டங்களில் மேடை மீதிருப்பவர் லாரிச் சொந்தக்காரர். கூலிக்கு ஓட்டும் டிரைவர் பந்தலுக்கு வெளியே நிற்கிறார். வண்டி நின்றால் அவருக்குப் பேட்டா இல்லை. வாடகை உயர்ந்தால் அவருக்கு என்ன வரும் என்று எவரும் சொல்வதில்லை. 2025 வரை அமுலில் இருந்த 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஸ்தாபனங்களுக்கே சென்றது. ஒற்றை லாரியின் டிரைவரும் கிளீனரும் அதற்குப் புறம்பானவர்களாகவே இருந்தார்கள். ஐந்துக்குக் குறைந்த இடங்களுக்கும் அதை நீட்டிக்க மாகாண சர்க்காருக்கு அதே சட்டத்தில் அதிகாரம் இருந்தது. அடுத்த முறை சங்கத்தார் கோட்டைக்கு மனு எடுத்துச் செல்லும்போது, 67-வது பிரிவோடு இவர்களுடைய குறையையும் அதே காகிதத்தில் எழுதிச் செல்லட்டும். கையெழுத்திடுவோரில் டிரைவர்களும் இருக்கட்டும்.