ஸ்ட்ராபெரி: இரு கண்டங்களின் கனி

ஸ்ட்ராபெரியைத் தொன்மையான கனி என்றே பலரும் எண்ணுவர். ஆயின் இன்று கடைகளில் நாம் காணும் பெருங்கனியின் வயது முந்நூறு ஆண்டுகளுக்கும் குறைவேயாகும். ஐரோப்பியர் பண்டுதொட்டு அறிந்திருந்தது சுண்டுவிரல் நுனியளவினதாகிய காட்டு ஸ்ட்ராபெரி. உரோமானியக் கவிஞர் ஓவிட், பொற்காலத்து மாந்தரின் உணவுகளுள் ஒன்றாக அதனைச் சுட்டினார். வர்ஜில் தம் ஆயர் பாடல்களில் (நம் மரபில் முல்லைத்திணை எனலாம்) அதனைப் பறிக்கும் சிறுவரைப் புல்லிடைப் பாம்பு குறித்து எச்சரித்தார்.

பெருங்கனியின் கதை 1712இல் தொடங்குகின்றது. ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த சிலி, பெரு நாடுகளின் கடற்கரைக் கோட்டைகளை உளவறிந்து வர, பிரான்சு மன்னர் 14ஆம் லூயி, பிரெசியே என்னும் படைப் பொறியாளரை அனுப்பினார். வணிகர் வேடத்தில் சென்ற அவர், சிலியில் அக்ரூட் கொட்டையளவும் சில வேளைகளில் கோழிமுட்டையளவும் உள்ள ஸ்ட்ராபெரிகளைக் கண்டு வியந்தார். அவருடைய குடும்பப் பெயரும் அக்கனியின் பிரெஞ்சுப் பெயரும் ஒலியால் நெருங்கியவை என்பது சுவையான ஒற்றுமை. ஏறத்தாழ ஆறு திங்கள் கடற்பயணத்திற்குப் பின், 1714இல் ஐந்து செடிகளே உயிரோடு கரை சேர்ந்தன. அவற்றுள்ளும் இரண்டினை, பயணத்தில் நன்னீர் தந்துதவிய கப்பல் அலுவலரிடம் ஒப்படைக்க நேர்ந்தது.

செடிகள் பூத்தன, காய்க்கவில்லை. அவை யாவும் பெண் செடிகள்! பின்னர் பிரெஸ்ட் நகர்ப் பகுதி உழவர், வட அமெரிக்காவிலிருந்து முன்னரே வந்திருந்த வர்ஜீனிய ஸ்ட்ராபெரியை அருகில் நட்டபோது பெருங்கனிகள் விளைந்தன. இரண்டும் கலந்து பிறந்த புதுச்செடியின் கனியில் அன்னாசியின் மணம் கமழ்ந்தது. அது கலப்பினமே என்பதை 1766இல் தம் நூலில் விளக்கிய துஷேன், இருபது வயதும் நிரம்பாத இளைஞர்.

பிரெசியேயும் துஷேனும் வரலாற்றில் இடம்பெற்றனர். ஆனால் பிரெசியே கண்டது தானே முளைத்த காட்டுச்செடியன்று. சிலியின் மப்பூச்சே மக்கள் பெருங்கனி தருவனவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து நட்டு வளர்த்த தோட்டப்பயிர் அது. அதனை உலர்த்தியும் நொதிக்க வைத்துப் பானமாக்கியும் அவர்கள் பயன்படுத்தினர். கனியின் பருமன் அவர்தம் கைவண்ணம். அவர்களுள் ஒருவர் பெயரையும் நூல்கள் குறிக்கவில்லை. அப்பழைய இனத்தின் வெளிறிய கனி, சிலியின் புரேன், கொந்துல்மோ பகுதிகளில் இன்றும் பயிராகின்றது.

வட அமெரிக்கச் செரோக்கி மக்களிடையே ஓர் அழகிய கதை உண்டு. முதல் ஆணும் பெண்ணும் ஊடினர். மனைவி பிரிந்து நடந்தாள். கதிரவன் அவள் வழியில் பலவகைக் கனிகளைப் பழுக்கச் செய்தும் அவள் நிற்கவில்லை. காலடியில் ஸ்ட்ராபெரி பழுத்தபோதுதான் குனிந்தாள், சுவைத்தாள், கணவனை நினைந்தாள். கை நிறையப் பறித்துக்கொண்டு திரும்பினாள். ஊடல் தணிக்க நம் இலக்கியங்களில் தோழியும் பாணனும் தூது செல்வர். அங்கே ஒரு கனி சென்றது!

மருத்துவப் பயனைப் பற்றி மிகையான பேச்சுகள் உள. தாவரவியல் அறிஞர் லின்னேயஸ், தம் கீல்வாதத்தைத் தணித்தது இக்கனியே என்று நம்பினார். நாம் உறுதியாகச் சொல்லத்தக்கது இவ்வளவே: 100 கிராம் கனியில் ஏறத்தாழ 90 கிராம் நீர், 2 கிராம் நார்ச்சத்து, வைட்டமின் சி சுமார் 59 மில்லிகிராம். கொய்யாவில் இதனினும் பன்மடங்கு உண்டு, விலையும் குறைவு. சிலருக்கு ஸ்ட்ராபெரி ஒவ்வாமையால் தடிப்பும் அரிப்பும் தோன்றும். அன்னோர் இதனைத் தவிர்த்தல் வேண்டும்.