பண்டிகை மின்குமிழ் மாலை: தொடரிணைப்பும் சமாந்தர இணைப்பும்

நத்தார்க் காலத்தில் நத்தார் மரங்களிலும் கடை வாசல்களிலும் ஒளிரும் சிறு மின்குமிழ் மாலைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்திலும் கலியாண வீடுகளிலும் நாம் காண்பதும் இத்தகைய மாலைகளையே. முற்காலத்தில் நத்தார் மரத்தில் மெழுகுதிரிகளே ஏற்றப்பட்டன. எடிசனின் நண்பரான எட்வர்ட் ஜோன்சன் 1882 இல் நியூயோர்க்கில் தமது வீட்டு மரத்தை முதன்முதலாக 80 மின்குமிழ்களால் அலங்கரித்தார்.

தொடரிணைப்பு

ஒரு மாலையில் ஒரே வகையான 46 இழைக் குமிழ்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். வீட்டு மின் வழங்கல் 230 வோல்ற்று. எனவே ஒரு குமிழுக்குக் கிடைப்பது 230 ÷ 46 = 5 வோல்ற்று ஆகும். ஒரு குமிழின் இழை அறுந்தால் சுற்று திறந்த சுற்றாகும். முழு மாலையும் அணைந்துவிடும்.

அணைந்த மாலை ஆபத்தற்றதா?

இல்லை. மின்னோட்டம் பூச்சியமாவதால், ஓமின் விதிப்படி நல்ல குமிழ்களுக்குக் குறுக்கே அழுத்த வித்தியாசம் இராது. எனவே அறுந்த இடத்துக்குக் குறுக்கே முழு 230 வோல்ற்றும் காணப்படும். அக்குமிழைக் கழற்றி வெறுங்கையால் கம்பியைத் தொடுபவர் உயிராபத்துக்கு உள்ளாகலாம். திசெம்பரில் நமது கரையோரத்தில் வடகீழ்ப் பருவமழைக் காலமாகும். ஈரக் கையின் தடை குறைவாதலால் ஆபத்து மேலும் கூடும். ஆகவே சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கையும் கழற்றிய பின்னரே மாலையைத் தொட வேண்டும்.

சிலர் பழுதான குமிழை நீக்கிக் கம்பிகளை முறுக்கிவிடுவர். இவ்வாறு 6 குமிழ்களை நீக்கினால் எஞ்சிய 40 குமிழ்களும் தலா 5.75 வோல்ற்றைப் பெறும். அவை அதிகம் சூடாகி விரைவில் பழுதடையும்.

சமாந்தர இணைப்பு

2016 இல் கொழும்பு காலிமுகத்திடலில் 72.1 மீற்றர் உயரமான செயற்கை நத்தார் மரம் அமைக்கப்பட்டது. அதில் சுமார் 6 இலட்சம் எல்.ஈ.டி. குமிழ்கள் ஒளிர்ந்தன. ஓர் எல்.ஈ.டி. ஒளிர ஏறத்தாழ 2 முதல் 3 வோல்ற்று தேவை. எனவே இத்தனை குமிழ்களையும் ஒரே தொடரில் 230 வோல்ற்றுக்கு இணைக்க முடியாது. பெரிய அலங்காரங்களில் குமிழ்கள் சிறு தொடர்களாகப் பிரிக்கப்பட்டு, அத்தொடர்கள் சமாந்தரமாக இணைக்கப்படும். ஒன்று பழுதானால் அத்தொடர் மட்டுமே அணையும்.

பயிற்சி வினா

ஒரே வகையான 20 குமிழ்கள் கொண்ட தொடர் மாலையொன்று 230 வோல்ற்று வழங்கலில் ஒளிர்கின்றது.
(அ) ஒரு குமிழுக்குக் குறுக்கேயான அழுத்த வித்தியாசம் யாது?
(ஆ) ஒரு குமிழின் இழை அறுந்தபின் அதற்குக் குறுக்கே அது எவ்வளவாகும்?

விடை: (அ) 11.5 வோல்ற்று (ஆ) 230 வோல்ற்று. இரண்டாவது விடையை வீட்டிலுள்ளோருக்கும் விளக்கிக் கூறுங்கள்.