உலக முடிவைக் காணச் செல்வோர்க்கு

வன்னி வெயிலிற் காய்ந்த நமக்கு, சித்திரை விடுமுறையில் ஹோட்டன் சமவெளியின் குளிர்ச்சி பெருவிருந்தாகும். ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரத்திலுள்ள அந்நிலம் 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று ஆறுகளுக்கும் அது நீர் வழங்குகின்றது.

எனினும், மலை நமது வசதிக்காகக் காத்திராது. தை மாதத்து இரவுகளில் அங்கே உறைபனி படியும். சித்திரையிலோ பிற்பகலில் இடிமழை பெய்யும். முற்பகல் பத்து மணியளவிலேயே மூடுபனி எழுந்து ‘உலக முடிவு’ என்னும் பெரும்பள்ளத்தை மறைத்துவிடுவதுண்டு. வவுனியாவிலிருந்து கண்டி வழியாக நெடுந்தூரம் சென்ற பிள்ளைகள் வெண்புகையை மட்டும் கண்டு திரும்பலாமா? முதல்நாளே நுவரெலியாவில் தங்கி, விடியலில் வாயில் திறக்குமுன் அங்கு நிற்பதே அறிவுடைமை.

பொலித்தீன் பைகளுக்கு அங்கே இடமில்லை. நம் குளத்துத் தாமரையிலையிலேயே சோற்றைக் கட்டிக்கொள்வோமாக!